மூன்று பேர், எட்டு மாதம், ஒரு பிராசஸர்: எந்த வழியில் கட்டுவது?

என் அக்கா மகள் காரைக்குடியில் இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கிறாள். அவளும் வகுப்புத் தோழிகள் இரண்டு பேரும் புராஜெக்டுக்காக ஒரு பிராசஸரை வடிவமைக்கப் போகிறார்கள். "மாமா, சும்மா கூட்டிக் கழிக்கிற பிராசஸரை எங்க சீனியர்ஸ் எல்லாருமே பண்ணிட்டாங்க. எங்களோடது வேகமா இருக்கணும். எந்த டிசைனை எடுக்கலாம்?" என்று போனில் கேட்டாள். நான் பெங்களூரில் பதினேழு வருஷமாகப் பிராசஸர் சரிபார்ப்பு வேலையில் இருக்கிறேன். மற்றவர்கள் வடிவமைத்ததில் எங்கே தப்பு ஒளிந்திருக்கிறது என்று தேடுவதுதான் என் தொழில். போனில் பதில் சொல்லி முடிகிற கேள்வியாக எனக்கு அது படவில்லை. இரண்டு மாதம் முன்பு ஒரு கல்யாணத்துக்காக ஊருக்குப் போனபோது, முத்துப்பட்டணத்தில் அக்கா வீட்டுத் திண்ணையில் மூன்று பேரையும் உட்கார வைத்து இரண்டு நாள் பேசினேன். இதே கேள்வியோடு வேறு ஊர்களிலும் மாணவர்கள் இருப்பார்கள் என்பதால் அந்தப் பேச்சை எழுதி வைக்கிறேன்.

அவர்கள் கையில் இருப்பது ஓர் எஃப்பிஜிஏ பலகை. நாம் எழுதித் தரும் சுற்றைத் தனக்குள் அமைத்துக்கொள்ளும் சிப் அதில் இருக்கிறது. வேண்டாமென்றால் அழித்துவிட்டு வேறொன்றை அமைக்கலாம். சிப்புக்குள் சுமார் 600 கிலோபைட் நினைவகம், வெளியே 256 மெகாபைட் டிடிஆர்3 வகை நினைவகம். க்ளாக், அதாவது சிப்பை நடத்தும் துடிப்பு, 100 மெகாஹெர்ட்ஸ் (விநாடிக்குப் பத்துக் கோடி முறை) கிடைத்தாலே நல்லது. இன்றைய லேப்டாப் அதைவிட நாற்பது மடங்கு வேகமாகத் துடிக்கிறது. ஆகவே க்ளாக்கை நம்பி வேகம் தேட முடியாது. ஒரு துடிப்புக்குள் எத்தனை வேலை முடிகிறது என்பதில்தான் தேட வேண்டும்.

நான் முதலில் திருப்பிக் கேட்டது, "எதை ஓட்டப் போறீங்க?" என்று. பல குழுக்கள் இந்தக் கேள்வியில் விழித்துப் போவார்கள். இவர்களிடம் பதில் இருந்தது: பேட்டரிக்குள் நடப்பதைக் கணக்கிடும் நிரல். காரைக்குடிப் பிள்ளைகளுக்கு இது இயல்பாக வரும். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரியைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவர்கள். சிக்ரி என்றால் எங்கள் ஊர் ஆட்டோக்காரருக்கும் தெரியும். மின்வேதியியலுக்கும் பிராசஸருக்கும் என்ன உறவு என்று ஒரு பெண் கேட்டாள். 1997 இல் ஐபிஎம் நிறுவனம், சிப்புக்குள் ஓடும் இணைப்புக் கம்பிகளை அலுமினியத்திலிருந்து தாமிரத்துக்கு மாற்றப்போவதாக அறிவித்தது. அந்தத் தாமிரத்தை நுண்ணிய பள்ளங்களுக்குள் நிரப்புவது மின்முலாம் பூசும் முறைதான். சிக்ரி எந்தத் துறைக்காகப் பிறந்ததோ அந்தத் துறையின் கைவேலை இன்று உலகத்தின் ஒவ்வொரு வேகமான சிப்புக்குள்ளும் இருக்கிறது. இதைச் சொன்னபோது அவர்கள் முகம் மாறியதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அவர்களுடைய கணக்கு, லித்தியம் அயனி மின்முனைக்குள் எப்படிப் பரவுகிறது என்பது. பரப்பைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் புது மதிப்பையும் அதன் பழைய மதிப்பிலிருந்தும் நான்கு பக்கத்து அண்டைக் கட்டங்களிலிருந்தும் கணக்கிட வேண்டும். 512-க்கு 512 என்று எடுத்தால் ஒரு சுற்றுக்கு 2,62,144 கட்டங்கள். அப்படி ஆயிரக்கணக்கான சுற்றுகள்.

வேகமான பிராசஸர்களின் அறுபது ஆண்டு வரலாற்றை ஒரே கேள்வியால் பிரித்துப் பார்க்கலாம் என்பது என் எண்ணம். நிரலில் கட்டளைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றில் சேர்ந்தாற்போலச் செய்யக்கூடியவை எவை என்று யார் கண்டுபிடிப்பது? ஓடும்போதே வன்பொருள் கண்டுபிடிக்குமா, ஓடுவதற்கு முன்பே, நிரலைப் பிராசஸரின் கட்டளைகளாக மாற்றித் தரும் மென்பொருளான கம்பைலர் கண்டுபிடிக்குமா, நிரல் எழுதுகிறவரே சொல்லிவிடுவாரா? இந்தப் பதிலைப் பொறுத்துப் பிராசஸரின் உடம்பே மாறிவிடும்.

வன்பொருளே கண்டுபிடிக்கட்டும் என்பது அவுட் ஆஃப் ஆர்டர் வழி. நம்மூரில் அந்தச் சொல்லுக்குப் பழுது என்று பொருள். இங்கே அது வரிசை மாற்றிச் செய்தல். என் அப்பா கல்யாணச் சமையல்காரர். கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை என்று பெரிய வீடுகளின் பின்கட்டில் அடுப்பு மூட்டியவர். சின்ன வயதில் லீவு நாட்களில் நானும் கூடப் போவேன். எழுதிக் கொடுத்த பட்டியல் வரிசையில் அங்கே எதுவும் நடக்காது. தேங்காய் துருவி வரத் தாமதமானால் கூட்டை அப்படியே விட்டுவிட்டு, காய் நறுக்கி முடிந்திருக்கும் வெண்டைக்காய் மண்டிக்குப் போய்விடுவார். பால் வந்துவிட்டால் பாயசம் முந்திக்கொள்ளும். எந்தப் பொருள் முதலில் கைக்கு வருகிறதோ அதுதான் அடுப்பேறும். ஆனால் இலையில் பரிமாறுவது மட்டும் முறைப்படிதான். சமைத்து முடித்தது எதுவானாலும் தன் முறை வரும்வரை மூடி வைக்கப்பட்டிருக்கும்.

அவுட் ஆஃப் ஆர்டர் பிராசஸரும் இப்படித்தான். கட்டளைகள் வரிசையில் உள்ளே வருகின்றன. தேவையான எண்கள் கைக்கு வந்துவிட்ட கட்டளை முந்தி நடக்கிறது. முடிவுகள் மறுபடி பழைய வரிசையில் வெளியேறுகின்றன. அவை முறைக்குக் காத்திருக்கும் இடத்தின் பெயர் ரீஆர்டர் பஃபர். 1964 இல் கணினி வடிவமைப்பாளர் சீமோர் கிரேயின் சிடிசி 6600 கணினியில் வரிசை மாற்றிச் செய்வதன் முதல் வடிவத்தைப் பார்க்கலாம். 1967 இல் ஐபிஎம் 360/91 கணினிக்காக ராபர்ட் டொமசூலோ வெளியிட்ட முறைதான் இன்றும் எல்லாப் பாடத்திட்டத்திலும் இருக்கிறது. 1995 இல் வந்த பென்டியம் புரோவின் பஃபரில் 40 இடங்கள் இருந்தன. 2021 இல் வந்த இன்டெலின் கோல்டன் கோவ் கோரில் (சிப்புக்குள் தனியாகக் கட்டளைகளை ஓட்டும் பகுதிதான் கோர்) 512.

ஏன் அத்தனை இடம்? தேடும் எண், பிராசஸருக்குள்ளேயே இருக்கும் சிறிய வேக நினைவகமான கேச்சில் இல்லாமல் போய், வெளி நினைவகத்திலிருந்து வரவேண்டுமென்றால் இன்றைய லேப்டாப்பில் எண்பது, நூறு நானோவிநாடி ஆகிறது. அதற்குள் க்ளாக் முந்நூறு முறைக்கு மேல் துடித்துவிடும். அடுப்படியில் புளி தீர்ந்து, சந்தைக்கு ஆள் அனுப்பிக் காத்திருப்பது போல. அந்த நேரத்தில் சும்மா நிற்காமல் அடுத்தடுத்த கட்டளைகளில் எதைச் செய்ய முடியும் என்று எட்டிப் பார்க்கத்தான் 512 இடம்.

இன்னொரு துணிச்சலும் அதில் இருக்கிறது. நிரலில் 'இப்படியானால் இங்கே போ' என்ற கிளை வந்தால், விடை தெரியும்வரை நிற்காமல் எந்தப் பக்கம் போகும் என்று ஊகித்து வேலையைத் தொடங்கிவிடும். அடுத்த பந்திக்கு ஆள் வரும் என்று நம்பி அரிசி களைந்து போடுகிற மாதிரி. ஊகம் தப்பினால் செய்ததைக் கொட்டிவிட வேண்டும். இருபது வருஷத்துக்கு மேல் எல்லோரும் கொட்டினால் போயிற்று என்றுதான் நினைத்தோம். 2018 ஜனவரியில் ஸ்பெக்டர், மெல்ட்டௌன் என்ற இரண்டு குறைகள் வெளிவந்தபோதுதான், கொட்டிய பிறகும் வாசனை நின்றுவிடுகிறது என்று புரிந்தது. கொட்டிய வேலை கேச்சில் தடம் விட்டுப் போயிருந்தது. பக்கத்தில் ஓடும் நிரல் எந்த எண் சீக்கிரம் வருகிறது, எது தாமதமாகிறது என்று நேரத்தை அளந்தே, தனக்குக் காட்டக்கூடாத ரகசியத்தை முகர்ந்துவிட முடிந்தது. எங்கள் துறையில் அந்த மாதத்தை யாரும் மறக்க மாட்டார்கள்.

இந்த வழியை நான் ரசிக்கிறேன். ஒரு பொது வேலைப் பிராசஸருக்கு, என்ன நிரல் வரும் என்று முன்கூட்டித் தெரியாத இடத்தில், இதற்கு இணை இன்னும் வரவில்லை. ஆனாலும் இந்த மூவருக்கும் வேண்டாம் என்றேன். காத்திருக்கும் ஒவ்வொரு கட்டளையும், முடிந்து வரும் ஒவ்வொரு விடையையும் 'இது எனக்கானதா' என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 32 கட்டளைகள், ஒவ்வொன்றுக்கும் 2 உள்ளீடு, துடிப்புக்கு 4 விடைகள் என்று சிறியதாக வைத்தாலே ஒவ்வொரு துடிப்பிலும் 256 ஒப்பீடுகள். எஃப்பிஜிஏ சிப்புக்கு மிகவும் கஷ்டமான வேலை இது. இடமும் தின்னும், க்ளாக்கும் இறங்கிப் போகும். அதைவிட முக்கியமான காரணம் வேறு. அவர்கள் கணக்கில் கண்டுபிடிக்க எதுவுமே இல்லை. இரண்டரை லட்சம் கட்டங்களும் ஒன்றையொன்று எதிர்பார்க்காமல் சேர்ந்தே கணக்கிடக்கூடியவை என்பது எழுதும்போதே தெரியும். தெரிந்த விஷயத்தை ஒவ்வொரு துடிப்பிலும் புதிதாகத் தேடிக் கண்டுபிடிக்க ஏன் இத்தனை சுற்று?

கம்பைலரிடம் விட்டுவிடும் வழியைப் பத்து நிமிஷத்தில் தள்ளிவிட்டோம். விஎல்ஐடபிள்யூ என்று பெயர். ஒரே நீண்ட கட்டளைக்குள் பல வேலைகளை முன்பே அடுக்கி அனுப்புவது. 1994 இல் இன்டெலும் எச்பியும் கூட்டுச் சேர்ந்து, 128 பிட் கட்டுக்குள் மூன்று கட்டளைகளை வைத்து அனுப்பும் இடானியத்தை 2001 இல் கொண்டுவந்தார்கள். 2021 ஜூலையோடு அதன் அனுப்பல் நின்றது. கம்பைலர் எவ்வளவு புத்திசாலியானாலும், ஓடும் நேரத்தில் எந்த எண் கேச்சில் இருக்கும், எது இருக்காது என்று முதல் நாளே அதற்குத் தெரியாது. பால் ஆறு மணிக்கு வரும் என்று நம்பி எழுதிய கால அட்டவணை, பால் ஏழு மணிக்கு வந்தால் முழுதாக நின்றுபோகும். ஒலி, படம் போன்ற சீரான வேலைகளுக்கான டிஎஸ்பி சிப்புகளில் இந்த வழி நன்றாகவே நடக்கிறது. ஆனால் கம்பைலரையும் இவர்களே எழுத வேண்டிவரும். எட்டு மாதத்தில் அது முடியாது.

சின்னச் சின்னக் கோர்கள் நிறைய வைப்பது இன்னொரு வழி. கணக்குக்குப் பொருத்தமானதுதான். 2005 இல் சன் நிறுவனத்தின் அல்ட்ராஸ்பார்க் டி1 எட்டுக் கோர்களோடு வந்தது. ஆனால் தசமக் கணக்குக்கு எட்டுக்கும் சேர்த்து ஒரே அலகு. இணையச் சர்வருக்குப் போதும், பேட்டரிக் கணக்குக்குப் போதாது. அதோடு, ஒரு கோர் மாற்றி எழுதிய எண்ணை மற்றவற்றின் கேச்சுகள் பழைய எண்ணாகவே வைத்திருக்காமல் பார்த்துக்கொள்ளும் ஒழுங்குமுறையைச் சரிபார்ப்பது, என் அனுபவத்தில், புதியவர்கள் மூழ்கிப்போகும் கிணறு.

மிச்சமிருந்தது வெக்டர். நிரல் எழுதுகிறவரே, "இந்த ஒரு வேலையை இத்தனை எண்களுக்கும் செய்" என்று ஒரே கட்டளையில் சொல்லிவிடுவது. ஆத்தங்குடியில் டைல்ஸ் போடும் பட்டறையைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடி மேல் அச்சை வைத்து வண்ணக் கலவையை ஊற்றுகிறவர் ஒவ்வொரு கல்லுக்கும் புதிதாக உத்தரவு கேட்பதில்லை. பூ என்ன, வண்ணம் என்ன என்று காலையில் ஒரு தடவை சொல்லியாயிற்று. அப்புறம் கல் கல்லாக அதே அச்சு, அதே கை. வெக்டர் பிராசஸர் அப்படித்தான் உழைக்கிறது. கட்டளையைப் படிப்பது, புரிந்துகொள்வது, சார்புகளைப் பார்ப்பது என்ற மேல்வேலை ஒரு தடவைதான். விளைச்சல் பல எண்களுக்கு.

இதன் பெரிய உதாரணம் சீமோர் கிரேயின் கிரே-1 சூப்பர் கம்ப்யூட்டர். 1976 இல் லாஸ் அலாமோஸ் ஆய்வகத்துக்குப் போன முதல் இயந்திரம். க்ளாக் வெறும் 80 மெகாஹெர்ட்ஸ், இந்த மூவரின் பலகையை விடக் குறைவு. எட்டு வெக்டர் ரெஜிஸ்டர்கள் (கணக்கிடும் எண்களைப் பிராசஸருக்குள்ளேயே பிடித்து வைக்கும் இடங்கள்), ஒவ்வொன்றிலும் 64 பிட் அகலத்தில் 64 எண்கள். பெருக்கல் அலகிலிருந்து முதல் விடை வெளியே வந்ததுமே, மற்ற 63-க்குக் காத்திருக்காமல் கூட்டல் அலகுக்குள் அது நுழைந்துவிடும். இதைச் செயினிங் என்பார்கள். பிள்ளைகளிடம் நான் அதிக நேரம் பேசியது கிரே-1 பற்றி அல்ல, அதற்குச் சற்று முன் வந்த சிடிசி ஸ்டார்-100 பற்றி. அதுவும் வெக்டர்தான்; காகிதத்தில் பெரிய வேகம். ஆனால் ரெஜிஸ்டர் இல்லாமல் நினைவகத்திலிருந்து நினைவகத்துக்கே ஓடியது. ஒவ்வொரு வெக்டர் வேலையையும் தொடங்கவே நிறைய நேரம் பிடித்தது. வெக்டர் அல்லாத சாதாரண வேலைகளில் சுணங்கியது. நிரலில் நூற்றுக்கு ஐந்து பங்கு சாதாரண வேலையாக இருந்தால், மிச்சத்தை எவ்வளவு வேகமாக்கினாலும் மொத்தத்தில் இருபது மடங்குக்கு மேல் கிடைக்காது என்பது 1967 இல் ஜீன் ஆம்டால் சொன்ன கணக்கு. கிரே அதை உணர்ந்து சாதாரண வேலையையும் வேகமாகச் செய்யும் இயந்திரம் கட்டினார். ஆகவே வெக்டர் அலகை ஒட்டவைக்கும் அடிப்படைக் கோர் சோப்ளாங்கியாக இருக்கக் கூடாது.

அடுத்து, எண்களைச் சேர்ந்தாற்போலக் கணக்கிடும் பாதைகள் வெக்டர் அலகில் எத்தனை வைப்பது? ஆசை எட்டுக்கும் பதினாறுக்கும் ஓடியது. காகிதத்தில் போட்டுப் பார்த்தோம். பலகையின் நினைவகப் பாதை 16 பிட் அகலம், விநாடிக்குச் சுமார் 66.7 கோடிப் பரிமாற்றம். அதாவது 133 கோடி பைட். 32 பிட் தசம எண்ணாக வைத்தால் ஒரு கட்டத்துக்கு ஒரு தடவை படிக்க 4 பைட், எழுத 4 பைட். அண்டை வரிசைகளைச் சிப்புக்குள்ளேயே பிடித்து வைத்துக்கொள்கிறோம் என்று வைத்துக்கொண்டால், விநாடிக்கு 16.7 கோடிக் கட்டங்களுக்குத்தான் தீனி உண்டு. 100 மெகாஹெர்ட்ஸில் துடிப்புக்கு 1.67 கட்டம். ஒரு கட்டத்துக்கு மூன்று கூட்டல், இரண்டு பெருக்கிக்-கூட்டல் என்று ஐந்து செயல். ஆக, துடிப்புக்கு எட்டுச் செயலுக்கு மேல் நினைவகம் தாங்காது. அதுவும் உச்ச வரம்பு. படிப்பதும் எழுதுவதும் மாறி மாறி வரும்போது வெளி நினைவகம் அதில் பாதி கொடுத்தால் பெரிது. நான்கு பாதை போதும். எட்டு வைத்தால் பாதி கைகள் கலவை வராமல் நின்றுகொண்டிருக்கும்.

பெரிய இயந்திரங்களையும் இதே கணக்குதான் ஆட்டிப்படைக்கிறது. 2020 ஜூனில் உலகின் முதல் இடத்துக்கு வந்த ஜப்பானின் ஃபுகாகு சூப்பர் கம்ப்யூட்டரில் உள்ள ஏ64எஃப்எக்ஸ் சிப், 48 கோர்களிலும் 512 பிட் வெக்டர் வைத்திருக்கிறது. அவற்றுக்குத் தீனி போட, 32 ஜிகாபைட் நினைவகத்தைச் சிப்போடு ஒரே பொதிக்குள் ஒட்டவைத்து, விநாடிக்கு 1 டெராபைட் பாதை போட்டார்கள். அந்தப் பாதை இல்லாவிட்டால் அத்தனை வெக்டரும் வீண்.

அடிப்படைக் கோரைத் தாங்களே முதலிலிருந்து எழுத வேண்டும் என்று மூவருக்கும் ஆசை. அதை நான் பிடிவாதமாகத் தடுத்தேன். சென்னை ஐஐடியில் 2014 முதல் பேராசிரியர் காமகோடியின் குழு உருவாக்கிய சக்தி பிராசஸர்கள் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. அவற்றில் சி-கிளாஸ் என்பது கட்டளைகளை வரிசை மாற்றாமல் ஓட்டும் 64 பிட் கோர். 2018 இல் அதே குழுவின் சிப்புகள் வெளிநாட்டிலும் சண்டிகரிலும் வார்க்கப்பட்டு, லினக்ஸ் ஓட்டிக் காட்டப்பட்டன. அப்படி நிரூபணமான ஒன்றின்மேல் கட்டினால், வரும் தப்பு தங்கள் வெக்டர் அலகில்தான் இருக்கும் என்று தேடும் பரப்பாவது குறையும். கட்டளைத் தொகுப்பையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. சக்தி பயன்படுத்தும் திறந்த கட்டளைத் தொகுப்பான ரிஸ்க்-ஃபைவின் வெக்டர் நீட்சி 2021 இல் உறுதியானது. அதிலும் சின்னச் சிப்புகளுக்கென்று 32 பிட் எண்களோடு நின்றுகொள்ளும் குறைந்த வடிவம், இசட்விஇ32எஃப், இருக்கிறது. அதிலும் எல்லாக் கட்டளைகளும் வேண்டாம். கணக்குக்குத் தேவையான பதினைந்து இருபதை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

சரிபார்ப்புக்காரன் என்பதால் இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன். 1994 இல் பென்டியத்தின் வகுத்தல் அலகில், அட்டவணையில் இருக்க வேண்டிய 1,066 மதிப்புகளில் 5 விடுபட்டுப் போனதால் இன்டெல் 47.5 கோடி டாலரைச் செலவில் எழுத வேண்டியிருந்தது. நான் வேலை பார்த்த ஓரிடத்தில், கிளை ஊகம் தப்புவதும் கேச்சில் எண் இல்லாமல் போவதும் ஒரே துடிப்பில் நேர்ந்தால் மட்டும் வரும் ஒரு தப்பைத் தேடி ஆறு வாரம் போனது. அவுட் ஆஃப் ஆர்டரில் இப்படிச் சேர்ந்து நேரக்கூடியவற்றின் எண்ணிக்கை பெருகிக்கொண்டே போகும். வரிசை மாறாத கோரும் வெக்டரும் என்றால் அது மூன்று பேர் மனதில் அடங்கும் அளவுக்குள் நிற்கும்.

ஒரு தோழி விடவில்லை. "அங்கிள், இன்டர்வியூவில டொமசூலோதான் கேப்பாங்க. வெக்டர் பண்ணோம்னு சொன்னா என்ன மதிப்பு?" என்றாள். நியாயமான கவலை. அந்தக் கேள்வி கேட்கத்தான் செய்வார்கள். ஓட்டப்போவது தேடல் நிரலாகவோ, கம்பைலராகவோ, ஒரு முகவரியிலிருந்து அடுத்த முகவரிக்குத் தாவும் தரவுத்தளமாகவோ இருந்தால் நானே வேறு பதில் சொல்லியிருப்பேன். அங்கே வெக்டருக்குப் பிடிமானம் கிடைக்காது. ஆறு பேர், இரண்டு வருஷம், பெரிய பலகை என்றாலும் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் திறந்த அவுட் ஆஃப் ஆர்டர் வடிவமைப்பான பூமை எடுத்துப் பிரித்துப் பாருங்கள் என்றிருப்பேன். அவளுக்காக ஒரு வழி கண்டோம். ஜெம்5 என்ற சிமுலேட்டரில் வரிசை மாறாத கோர் மாதிரியும் உண்டு, அவுட் ஆஃப் ஆர்டர் மாதிரியும் உண்டு. தங்கள் பேட்டரி நிரலை இரண்டிலும் ஓட்டி, பஃபரை 16, 32, 64 என்று கூட்டிக்கொண்டே போய் எங்கே லாபம் நிற்கிறது என்று அவள் அளப்பாள். அறிக்கையில் அது தனி அத்தியாயம். டொமசூலோவைப் புத்தகத்தில் மட்டும் படித்தவரைவிட நன்றாகவே அவளால் பதில் சொல்ல முடியும்.

வேலையைப் பிரித்துக்கொண்டு தொடங்கிவிட்டார்கள். சுற்றை எழுதுவதற்கு முன், ஒவ்வொரு கட்டளைக்குப் பிறகும் ரெஜிஸ்டர் மதிப்புகளை, ரிஸ்க்-ஃபைவுக்கு ஒப்பீட்டு மாதிரியாக இருக்கும் ஸ்பைக் சிமுலேட்டரோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஏற்பாட்டை முதலில் செய்யச் சொல்லியிருந்தேன்; செய்திருக்கிறார்கள். இப்போதைக்கு வெக்டர் கூட்டல் கட்டளை ஒன்று மட்டும் சிமுலேஷனில் நான்கு பாதையிலும் ஓடுகிறது. எண்களின் எண்ணிக்கை நான்கால் வகுபடாதபோது மட்டும் கடைசி எண் தப்பாக வருகிறது. நேற்று ராத்திரி பதினொரு மணிக்கு அந்த அலைவடிவப் படத்தை அக்கா மகள் அனுப்பியிருந்தாள். மிச்ச எண்களை மறைக்கும் சிக்னல் ஒரு துடிப்பு பிந்தி வருகிற மாதிரி எனக்குத் தெரிகிறது. நான் இன்னும் சொல்லவில்லை. அவர்களே கண்டுபிடிக்கட்டும் என்று ஞாயிற்றுக்கிழமை வரை பார்க்கிறேன்.